ஆர்.எம்.வீ.: காங்கேயம் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஏப்ரல் 9 அன்று, ஆர்.எம்.வீரப்பன் காலமானார் என்று டிவியில் கீழே எழுத்து ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பையன் "யாருங் மாமா இவரு, சத்தியமங்கலம் காட்டுல இருந்தவருங்களா?" என்றான். அவனைப் பெற்றவர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த எம்எல்ஏவைப் பற்றித்தான் இப்படிக் கேட்கிறான். அன்றிலிருந்து சொந்தக்காரப் பிள்ளைகள், கடைவீதியில் பார்க்கிறவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி. நான் கோவை கோபாலபுரத்தில் ஒரு பட விநியோக ஆபீசில் இருபது வருஷத்துக்கு மேல் ரெப்பாக இருந்தவன். படச்சுருள் பெட்டியோடு பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், தியேட்டரில் டிக்கெட் எண்ணி, டிசிஆர் என்கிற அன்றாட வசூல் கணக்கு எழுதி அனுப்புகிற வேலை. அதனால் எனக்குச் சினிமாவும் தெரியும், அதில் புழங்கிய அரசியல்வாதிகளும் தெரியும் என்று இவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஒரே பதிலை நாலு பேருக்குச் சொல்வதைவிட மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல்ல இதைச் சொல்லுங்க. இவர் சந்தனக்கட்டை வீரப்பனா?

இல்லை. அவர் காடு, இவர் கோட்டை. பேர் ஒன்று என்பதைத் தவிர வேறு ஒட்டு உறவு கிடையாது. தொண்ணூறுகளில் இரண்டு பேர் பெயரும் ஒரே நாள் பேப்பரில் வரும், அப்போதும் எங்கள் டீக்கடையில் இந்தக் குழப்பம் இருந்தது. அதனால்தான் எல்லாரும் "ஆர்.எம்.வீ." என்றே சொல்லிப் பழகினோம்.

சரி, ஆர்.எம்.வீ. யார்? சுருக்கமாக.

1926 செப்டம்பர் 9இல் புதுக்கோட்டைப் பக்கம் வல்லத்திராக்கோட்டையில் பிறந்தவர். நாடகக் கம்பெனியில் நிர்வாகியாக இருந்தார். 1953 முதல் எம்ஜிஆரின் நாடக மன்றத்தையும் படக்கம்பெனியையும் கவனித்துக்கொண்டார். 1963இல் சத்யா மூவிஸ் தொடங்கினார். 1977இல் எம்ஜிஆர் முதல்வரானதும் அமைச்சர். எம்ஜிஆர் போனபிறகு அவர் மனைவி ஜானகி அம்மாவை முதல்வராக்கியவர்களில் முக்கியமானவர். 1991இல் காங்கேயம் எம்எல்ஏ, ஜெயலலிதா அமைச்சரவையில் மந்திரி. 1995இல் 'பாட்ஷா' பட விழாவுக்குப் பிறகு பதவி போனது. அப்புறம் எம்ஜிஆர் கழகம் என்று தனிக்கட்சி. 97 வயது வரை இருந்தார். இதற்குமேல் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு போய்விடலாம்.

அரசியல்வாதியாக இருந்து படம் எடுக்கப் போனவரா, படம் எடுத்துவிட்டு அரசியலுக்கு வந்தவரா?

எல்லாரும் கேட்பது இதுதான், எனக்குப் பிடித்த கேள்வியும் இதுதான். தேதியை வைத்துப் பார்த்தால் படக்கம்பெனி முதலில், மந்திரி பதவி பதினாலு வருஷம் கழித்து. ஆனால் அதற்கு முன்னாலேயே அவர் பெரியாரோடும் அண்ணாவோடும் பழகிய இயக்கத்து ஆள். நாடகத்தில் கே.ஆர்.ராமசாமி கம்பெனியில் இருந்தபோது மேடையும் கட்சியும் வேறு வேறாக இல்லை. திராவிட இயக்க நாடகம் என்றால் டிக்கெட் விற்கிறவனும் கட்சிக்காரன், பார்க்க வருகிறவனும் கட்சிக்காரன். ஆகவே "முதலில் எது" என்று கேட்டால் பதில் வராது.

என்னைக் கேட்டால் அவர் இரண்டுமே இல்லை, கடைசிவரை மேனேஜர். எங்கள் ஊர் அரிசி ஆலைகளில் முதலாளி கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். நெல் எங்கே வாங்குவது, எவனுக்குக் கடன் தருவது, எவன் செக் திரும்பி வரும் என்பதெல்லாம் பக்கத்து மேசை கணக்குப்பிள்ளைக்குத்தான் தெரியும். ஆர்.எம்.வீ. அந்தப் பக்கத்து மேசை ஆள். முகம் எம்ஜிஆர், பிறகு ரஜினி, நடுவில் ஜானகி அம்மா, ஜெயலலிதா. முகம் பலமாக இருந்த இடத்தில் எல்லாம் இவர் ஜெயித்தார். முகம் பலமில்லாமல் போனபோதும், தானே முகமாக நின்றபோதும் தோற்றார். கீழே எழுதியிருப்பதையும் இதை மனசில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

புதுக்கோட்டைக்காரருக்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு சம்பந்தம். ஒன்று அவருக்கு முன்னால் இருந்தே இருப்பது. தமிழ் சினிமாவின் ஒரு பாதி நாற்பதுகளில் கோயமுத்தூரில்தான் குடியிருந்தது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ, பிறகு ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா. எம்ஜிஆர் முதன்முதலில் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947இல் வந்தது, ஜூபிடர் கம்பெனி எடுத்த படம், அதற்கு வசனம் எழுத வந்தபோது கருணாநிதியும் கோவையில்தான் இருந்தார். 1954இல் வந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜாவின் படம், ஜனாதிபதி விருது வாங்கியது. அந்தப் படம் ஓடியபோது எம்ஜிஆர் நாடக மன்றத்து நிர்வாகம் ஆர்.எம்.வீ. கையில் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் யாருடைய கணக்கைப் பார்க்கப் போனாரோ அந்த மனுஷன் பெரிய நடிகராக ஆனதில் எங்கள் கோவைக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது என்று சொல்ல வருகிறேன். ஊர்ப்பெருமை கொஞ்சம் கலந்திருக்கும், கண்டுகொள்ளாதீர்கள்.

இரண்டாவது சம்பந்தம் காங்கேயம் தொகுதி. அது கீழே வருகிறது.

சத்யா மூவிஸ் யாருடைய கம்பெனி? எம்ஜிஆருடையதா?

பெயர் எம்ஜிஆரின் தாயார் சத்யபாமாவின் பெயர், கம்பெனி ஆர்.எம்.வீயுடையது. முதல் படம் 1964இல் 'தெய்வத்தாய்'. பி.மாதவன் இயக்கம். வசனம் எழுதியது கே.பாலசந்தர், அப்போது அவர் சென்னையில் ஏஜீஸ் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். தயாரிப்பாளர் கணக்குப்பிள்ளை, வசனகர்த்தா கணக்கு ஆபீஸ்காரர், நல்ல ஜோடி.

எம்ஜிஆரை வைத்து ஆறு படம்: தெய்வத்தாய், நான் ஆணையிட்டால், காவல்காரன், கண்ணன் என் காதலன், ரிக்‌ஷாக்காரன், இதயக்கனி. இதில் காவல்காரன் கதை தனி. 1967 ஜனவரியில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்ஜிஆரின் தொண்டை பாதித்துவிட்டது. பாதி எடுத்த படம் அப்படியே நிற்கிறது. குணமாகி வந்து மீதியை முடித்து அதே வருஷம் வெளியிட்டார்கள். ஒரே படத்தில் பழைய குரலும் புதிய குரலும் இருக்கும். ஒரு நடிகனின் குரலே மாறிப்போன படத்தை எவன் வாங்குவான் என்று எந்தத் தயாரிப்பாளருக்கும் வயிறு கலங்கியிருக்கும். ஜனங்களோ அந்தக் குரலைக் கேட்கத்தான் டிக்கெட் எடுத்தார்கள். என் அப்பா டூரிங் கொட்டகையில் ஆபரேட்டர். குரல் மாறுகிற ரீல் வரும்போது பெண்கள் பக்கத்தில் இருந்து "ஐயோ சாமி" என்று சத்தம் எழும்பும் என்பார்.

எம்ஜிஆர் கோட்டைக்குப் போனபிறகு ரஜினியை வைத்தும் ஆறு படம்: ராணுவ வீரன், மூன்று முகம், தங்க மகன், ஊர்க்காவலன், பணக்காரன், பாட்ஷா. கமலுக்குக் காக்கிச் சட்டையும் காதல் பரிசும். காக்கிச் சட்டையில் "தகடு தகடு" என்று வில்லனாக மிரட்டியவர் எங்கள் கோயமுத்தூர் சத்யராஜ். அந்தப் படத்துக்கு நான் பெட்டி தூக்கிப் போன ஊரில் கமலுக்கு அடித்த விசிலைவிட அவருக்கு அடித்த விசில் அதிகம்.

ஒன்று கவனித்தீர்களா? 1971இல் ரிக்‌ஷாக்காரன், 1995இல் பாட்ஷாவின் ஆட்டோக்காரன். இடையில் இருபத்து நாலு வருஷம், கம்பெனி ஒன்றே. தெருவில் வண்டி ஓட்டுகிறவன் நல்லவன், அவனைச் சீண்டினால் ஊரே கூடும் என்பது ஓட்டுக்கும் பொருந்தும் டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர்தானே? நாடகக் கம்பெனி நிர்வாகிக்கு அவ்வளவு பணம் ஏது?

இங்கேதான் வெளி ஆட்கள் தப்பாக நினைக்கிறார்கள். அந்தக் காலத்தில் தயாரிப்பாளர் தன் பையில் இருந்து முழுப் பணமும் போடுவது அபூர்வம். பணம் ஏரியாவில் இருந்து வரும்.

தமிழ்நாட்டைப் படக்காரர்கள் மாவட்டமாகப் பார்ப்பதில்லை. சென்னை சிட்டி ஒரு ஏரியா. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்தது என்.எஸ்.சி. மதுரை, ராமநாதபுரம் எம்.ஆர்., திருச்சி, தஞ்சாவூர் டி.டி., திருநெல்வேலி, கன்னியாகுமரி டி.கே. அப்புறம் சேலம், கோவை. காங்கேயம், தாராபுரம், ஈரோடு, நீலகிரி எல்லாம் கோவை ஏரியா. ஈரோட்டில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிபாளையத்தில் கால் வைத்தால் சேலம் ஏரியா, வேறு விநியோகஸ்தர், வேறு ரெப். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓடிய படம் அந்தப் பக்கம் படுத்ததும் உண்டு.

ஒவ்வொரு ஏரியாவையும் மூன்று விதமாக விற்கலாம். அவுட்ரேட் என்றால் மொத்தமாக விலை பேசி வாங்கிக்கொள்வது, லாபமோ நஷ்டமோ வாங்கியவன் தலையில். எம்.ஜி. என்றால் மினிமம் கேரண்டி: விநியோகஸ்தர் இவ்வளவு தொகை நிச்சயம் என்று கட்டிவிடுவார், வசூல் அதற்குக் கீழே போனால் நஷ்டம் அவருடையது, மேலே போனால் கமிஷன் போக மீதியில் தயாரிப்பாளருக்குப் பங்கு. அட்வான்ஸ் என்றால் முன்பணம், படம் ஓடாவிட்டால் திருப்பித் தரவேண்டும், தருவார்களா என்பது வேறு விஷயம், நான் அதற்காக ஒரு ஆபீஸ் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறேன். இதெல்லாம் போதாதபோது பைனான்சியர் வருவார். வட்டிக்கு வாங்கினால் பிரிண்ட் போடுகிற லேபில் இருந்து கடிதம் கொடுக்கவேண்டும், கடனைத் தீர்க்காமல் பிரிண்ட் வெளியே போகாது. வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று போஸ்டர் ஒட்டிவிட்டு வியாழக்கிழமை ராத்திரி பெட்டி வராமல் கோபாலபுரமே தூங்காமல் இருந்த நாட்கள் எத்தனையோ.

இப்போது எம்ஜிஆர் படத்துக்கு வாருங்கள். பூஜை போட்டால் விநியோகஸ்தர்கள் பணத்தோடு வந்து நிற்பார்கள். அப்போது உண்மையான முதலீடு எது? எம்ஜிஆரின் கால்ஷீட், அதாவது அவர் நடிக்க ஒதுக்கித் தரும் நாட்கள். அந்தக் கால்ஷீட் நோட்டு யார் பக்கம் இருந்தது? பத்து வருஷமாக அவருடைய கம்பெனி நிர்வாகத்தைப் பார்த்த ஆள் பக்கம். ஆர்.எம்.வீ. போட்ட முதல் அந்த நம்பிக்கைதான். பாங்கிக்காரன் மொழியில் சொன்னால் ஈடு.

மந்திரியாக இருந்துகொண்டே படம் எடுத்தாரா? அது சரியா?

எடுத்தார். சத்யா மூவிஸ் நிற்கவில்லை. 1981இல் ராணுவ வீரன், 82இல் மூன்று முகம், 83இல் தங்க மகன், 85இல் காக்கிச் சட்டை, எல்லாம் எம்ஜிஆர் ஆட்சியில் வந்தவை. பாட்ஷா வந்தபோதும் அவர் மந்திரி, தயாரிப்பாளர் இடத்தில் குடும்பத்தினர் பெயர் இருக்கும். எம்ஜிஆரே முதல்வரானதும் நடிப்பை விட்டுவிட்டார், கணக்குப்பிள்ளை கடையைத் திறந்தேதான் வைத்திருந்தார்.

சரியா என்றால், எனக்குச் சரியாகப் படவில்லை. அவரிடம் செய்தித்துறையும் இருந்தது. அந்தத் துறையை வைத்திருப்பவர் கம்பெனிப் படத்துக்கு நாளைக்குத் தியேட்டர் வேண்டும் என்றால் எந்தத் தியேட்டர்காரர் "வேறு படம் ஓடுகிறது" என்று வாயைத் திறப்பார்? அவர் மிரட்டினார் என்று சொல்லவில்லை, நான் அப்படி ஒன்றும் பார்க்கவில்லை. மிரட்டத் தேவையே இல்லாத இடத்தில் இருந்தார் என்கிறேன்.

அந்தப் படங்களில் ஹீரோக்களைப் பாருங்கள்: ஒருவர் ராணுவம், ஒருவர் டிஎஸ்பி அலெக்ஸ் பாண்டியன், ஒருவர் காக்கிச் சட்டை. தானாக அமைந்ததோ என்னவோ, அரசாங்கத்தில் இருந்த காலத்தில் கம்பெனி ஹீரோக்களும் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டார்கள்.

பெரியாரோடு பழகியவர் எப்படி அறநிலையத்துறை மந்திரி ஆனார்?

எம்ஜிஆர் கொடுத்தார், இவர் வாங்கிக்கொண்டார். அவ்வளவு சுலபமாகச் சொல்லலாம், ஆனால் அந்தத் துறையில்தான் அவருக்குப் பெரிய தலைவலியும் வந்தது. திருச்செந்தூர் கோயிலில் சரிபார்ப்பு அதிகாரி சுப்பிரமணிய பிள்ளை 1980இல் இறந்து கிடந்தார். கொலையா தற்கொலையா என்று மாநிலமே பேசியது. பால் கமிஷன் அமைத்தார்கள், அறிக்கையை அரசு வெளியிடாமல் வைத்திருக்க, கருணாநிதி அதை வெளியிட்டார், 1982இல் மதுரையில் இருந்து திருச்செந்தூருக்கு நடந்தே போனார். பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கிற சிவன்மலை ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வேல் வைத்தால் என்ன, மண் வைத்தால் என்ன என்று அர்த்தம் பேசுகிற எங்கள் ஊரில் அந்த நாட்களில், அந்தச் சாவோடு சேர்த்துப் பேசப்பட்ட திருச்செந்தூர் வைரவேல் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை.

பிற்காலத்தில் ஆர்.எம்.வீயை "அருளாளர்" என்றே அழைத்தார்கள். சென்னைக் கம்பன் கழகத்துக்குத் தலைவராகவும் இருந்தார். கம்பராமாயணத்தைக் கொளுத்து என்ற இயக்கத்தில் தொடங்கிக் கம்பன் கழகத்தில் முடிந்த வாழ்க்கை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை, அந்தத் தலைமுறையில் பலர் இப்படி நடந்து முடித்திருக்கிறார்கள்.

1984 தேர்தலில் எம்ஜிஆர் ஆஸ்பத்திரியில் இருந்த வீடியோவைக் காட்டி ஜெயித்தார்கள் என்கிறார்களே?

ஆமாம். அக்டோபரில் எம்ஜிஆர் படுத்துவிட்டார், அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டிசம்பரில் தேர்தல். அவர் உயிரோடு இல்லை என்று ஊரெல்லாம் வதந்தி. அப்போதுதான் ஆஸ்பத்திரியில் எம்ஜிஆர் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் படம் பிடித்து வந்து தமிழ்நாடு முழுக்கக் காட்டினார்கள். அந்தப் பிரச்சாரத்துக்குப் பின்னால் இருந்தவர் ஆர்.எம்.வீ. ஆண்டிபட்டிக்கு வராமலேயே எம்ஜிஆர் அங்கே ஜெயித்தார்.

என் கணக்கில் ஆர்.எம்.வீ. எடுத்த படங்களிலேயே பெரிய ஹிட் அதுதான். வசனம் கிடையாது, சண்டை கிடையாது, ஒரு மனுஷன் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத் திடலில் அதைப் பார்த்த என் அப்புச்சி, வீட்டுக்கு வந்து "உசுரோடதான் இருக்காரு, கை ஆடுது பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் பூத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றார்.

ஜானகி அரசு ஏன் நிற்கவில்லை?

1987 டிசம்பர் 24இல் எம்ஜிஆர் இறந்தார். ஒரு பக்கம் ஜெயலலிதா, இன்னொரு பக்கம் ஜானகி அம்மாவை முன்னிறுத்திய ஆர்.எம்.வீ. எம்எல்ஏக்களின் எண்ணிக்கை இவர் பக்கம்தான் அதிகம், 97 பேர். 1988 ஜனவரி 7இல் ஜானகி முதல்வர். ஜனவரி 28இல் நம்பிக்கை ஓட்டெடுப்பு, சபையில் அடிதடி, போலீஸ் உள்ளே வந்தது, 30ஆம் தேதி ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். மொத்தம் 24 நாள்.

எம்எல்ஏக்களை எண்ணுவதில் தப்பு செய்யவில்லை. ஜனங்களை எண்ணுவதில்தான். 1989 தேர்தலில் ஜெயலலிதாவின் சேவல் 27 இடம் வாங்கியது, ஜானகி அணியின் இரட்டைப் புறாவுக்கு விரல் விட்டு எண்ணும் அளவுகூடத் தேறவில்லை, ஆண்டிபட்டியில் ஜானகி அம்மாவே தோற்றார். சினிமாக்காரருக்கு இது புரிந்திருக்க வேண்டும். ஏரியா எல்லாம் விற்றுவிட்டது, விநியோகஸ்தர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஆனால் முதல் நாள் முதல் ஆட்டத்துக்குக் கொட்டகையில் ஆள் இல்லை. நல்ல படமா இல்லையா என்பதை விடுங்கள், போஸ்டரில் இருந்த முகத்தைப் பார்க்க ஜனங்கள் வரவில்லை.

இரண்டு அணியும் சேர்ந்து இரட்டை இலை திரும்பி வந்ததும் ஆர்.எம்.வீ. ஜெயலலிதா பக்கம் வந்துவிட்டார். கணக்குப்பிள்ளைக்குக் கோபம் நிலைக்காது.

காங்கேயத்துக்கு எப்படி வந்தார்?

1991 தேர்தலில் ஜெயலலிதா இரண்டு இடத்தில் நின்றார், பர்கூர், காங்கேயம். இரண்டிலும் ஜெயித்தார். பர்கூரை வைத்துக்கொண்டு காங்கேயத்தை விட்டார். அதே வருஷ இடைத்தேர்தலில் அந்த இடத்துக்கு வந்தவர் ஆர்.எம்.வீ. அதற்கு முன் மேலவை வழியாக மந்திரியாக இருந்தவர். மேலவையைக் கலைத்த 1986ஆம் வருஷத்தில் திருநெல்வேலி இடைத்தேர்தலில் ஜெயித்தார். காங்கேயமும் இடைத்தேர்தல்தான். அப்போது நாங்கள் திருப்பூர் மாவட்டம் இல்லை, பெரியார் மாவட்டம். பெரியாரோடு பழகியவர் பெரியார் மாவட்டத்தில் நிற்கிறார் என்று மேடையில் பேசினால் கைதட்டு விழும்.

கார்கள் வந்தது நினைவிருக்கிறது. தாராபுரம் ரோடு, கரூர் ரோடு, சென்னிமலை ரோடு எங்கும் வெள்ளை அம்பாசிடர். தேங்காய்க் களத்தில் கொப்பரை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை மறைப்பாக வைத்துப் பார்த்துவிட்டு "எம்ஜிஆர் படம் எடுத்தவராமா" என்றார்கள். வேட்பாளர் என்றோ மந்திரி என்றோ சொல்லவில்லை. எம்ஜிஆர் படம் எடுத்தவர். அந்த ஒரு வார்த்தையும் இரட்டை இலையும் போதும், எங்கள் பக்கம் அதற்குமேல் பிரச்சாரம் வேண்டியதில்லை. ஜெயித்தார். எங்கள் வீட்டு ஓட்டும் அவருக்குத்தான் என்று அப்பா சொன்னார், அம்மா கடைசிவரை சொல்லவில்லை.

பாட்ஷா விழாவில் என்னதான் நடந்தது?

1995 பொங்கலுக்குப் பாட்ஷா வந்தது. கோவை ஏரியாவில் அந்தப் படத்துக்கு டிசிஆர் எழுதுவது சுகமான வேலை, "ஹவுஸ்ஃபுல்" என்று ஒரே வார்த்தையை எழுதிக் கை வலிக்கும். அந்த வருஷம் மணிரத்னம் வீட்டில் குண்டு வீசினார்கள். அதற்குப் பிறகு நடந்த பாட்ஷா வெற்றி விழாவில் ரஜினி எழுந்து தமிழ்நாட்டில் வெடிகுண்டு கலாச்சாரம் வந்துவிட்டது என்று பேசினார். மேடையில் தயாரிப்பாளராக உட்கார்ந்திருந்தவர் அதே அரசில் மந்திரி. மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நாளில் மந்திரி பதவி போனது, பிறகு கட்சியும்.

நாற்பது வருஷமாக ஒரு நேரத்தில் ஒரு முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பழகியவர் அன்றைக்கு இரண்டு முகத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். மைக்கைப் பிடித்து ரஜினியை மறுத்திருந்தால் படத்தின் ஹீரோவை அவர் வெற்றி விழாவிலேயே அவமானப்படுத்திய தயாரிப்பாளர் ஆகியிருப்பார். பேசாமல் இருந்ததால் முதல்வருக்கு எதிரி ஆனார். இதில் எது செய்தாலும் நஷ்டம், அவர் சினிமா பக்கத்து நஷ்டத்தைத் தவிர்த்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். ரஜினிக்கும் இது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது, ஆர்.எம்.வீயைப் பற்றிய ஆவணப்படத்துக்காக 2025இல் பேசியபோது தன்னால் அவர் பதவி போனதைச் சொல்லி வருத்தப்பட்டார்.

அப்புறம்?

எம்ஜிஆர் கழகம் தொடங்கினார், திமுகவோடு நட்பாக இருந்தார். கட்சி வளரவில்லை. பெயரில் எம்ஜிஆர் இருந்தார், போஸ்டரில் ஆர்.எம்.வீ. இருந்தார்.

நம்ம ஊர்ப் பக்கம் இவர் மாதிரி வேறு யாராவது உண்டா?

கோவைத்தம்பி. எம்ஜிஆர் கட்சி அரசியலில் இருந்தவர், மதர்லேண்ட் பிக்சர்ஸ் தொடங்கினார். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது கோவையில் நான் பார்த்த கூட்டத்தை மறக்க முடியாது, மோகனுக்கும் இளையராஜாவுக்கும் வந்த கூட்டம் அது. இளமைக் காலங்கள், உதயகீதம் என்று வரிசையாக ஓடின, மணிரத்னத்தின் ஆரம்பப் படங்களில் ஒன்றான 'இதயக்கோயில்' அவர் எடுத்ததுதான். ஆர்.எம்.வீ. நடிகரை நம்பினார், கோவைத்தம்பி பாட்டை நம்பினார். பாட்டு மலிவு, ஆனால் ஒரே ஆளிடம்தான் கிடைக்கும். எனக்கு ரசனையில் கோவைத்தம்பி படங்கள்தான் நெருக்கம், கணக்கில் ஆர்.எம்.வீ.தான் கெட்டி.

எங்க மச்சான் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கார். படம் எடுக்கப் போறேன்கிறார். எடுக்கலாமா?

மாதம் ஒருவர் இதைக் கேட்கிறார். நான் திருப்பிக் கேட்பது மூன்று. யாருடைய கால்ஷீட் கையில் இருக்கிறது? பூஜைக்கு முன்னால் எந்த ஏரியாவாவது விற்றிருக்கிறதா? வட்டிப் பத்திரத்தில் யார் கையெழுத்து, எந்த நிலம் ஈடு? மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் பெரும்பாலும் பதில் வரும். இப்போது ஓடிடி, சாட்டிலைட் என்று பேர் மாறியிருக்கிறது, கேள்வி மாறவில்லை.

தாராபுரம் பக்கம் ஒருவர், பேர் வேண்டாம், கட்சியில் நல்ல செல்வாக்கு. மகனை ஹீரோவாக்கி ஒரு படம் எடுத்தார். தன் தோட்டத்திலேயே பாதி ஷூட்டிங், யூனிட்டுக்கு வீட்டிலேயே கறிச்சோறு, எல்லாம் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டார். எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு போனது. அந்தப் படத்துக்கும் நான்தான் ரெப். மூன்றாம் நாள் இரண்டாம் ஆட்டத்துக்குப் பதினோரு டிக்கெட், அதில் நாலு அவர் தோட்டத்து ஆட்கள். டிசிஆரில் எழுதும்போது கை கூசியது, இருந்தாலும் பதினொன்று என்றுதான் எழுதினேன். பெட்டிகளைக் கோவைக்கு எடுத்துப் போக யாரும் வரவில்லை. போன மாதம் ஒரு துக்கத்துக்கு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டுத்தரையில் இரண்டு பெட்டியும் இருக்கின்றன, மூடியில் படப்பேர்கூட அழியவில்லை, ஒன்றில் தவிடு, இன்னொன்றில் பருத்திக்கொட்டை.